முதலில் பேச்சு, பிறகு பாட்டு

என்னோடு கடைசிச் சில வருடங்கள் வேலை பார்த்த ரவி இப்போது ஒரு பெரிய ஷோரூமில் மேலாளராக இருக்கிறார். போன மாதம் போன் செய்தார். "அக்கா, புதுசா சேந்த பசங்ககிட்ட ஒரு அரை மணி நேரம் பேசிட்டுப் போங்க. முதல் தடவையா ஹோம் தியேட்டர் வாங்க வராங்க, கையில அளவா பணம் வச்சிருக்காங்க. அவங்களை எப்படிக் கவனிக்கிறதுன்னு சொல்லுங்க போதும்."

போனேன். கண்ணாடி அறை, மெத்தை வைத்த சோபா, சுவரோரம் கைக்கடக்கமான ஐந்து ஸ்பீக்கர்கள், மூலையில் முக்காலி அளவுக்கு ஒரு பெட்டி. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருக்கும் என்று தோன்றிய ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. விற்பனைப் பையன் பொத்தானை அழுத்தினான். ஏதோ மலை இடிந்து விழுவது போல ஒரு முழக்கம். கையிலிருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது. அந்தப் பெண் அவனிடம் ஏதோ கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் கேட்டாள். அவன் சிரித்தபடி தலையாட்டிவிட்டு, இத்தனை வாட்ஸ், அத்தனை வாட்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனான்.

எழுந்து நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்ல நினைத்ததை வீட்டில் உட்கார்ந்து இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த கடை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. ரேடியோ, ரிக்கார்ட் பிளேயர், பிறகு டேப் ரிக்கார்டர், ஸ்டீரியோ. பில் போடத்தான் சேர்ந்தேன். பெண்கள் சாமான் பார்க்க வந்தால் ஆண்களிடம் பேசக் கூச்சப்பட்டு என் மேஜைப் பக்கம் வந்து நிற்பார்கள். இதைக் கவனித்த முதலாளி ஆறு மாதத்தில் பில் மேஜையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு என்னைச் சாமான் காட்டும் வேலைக்கு மாற்றினார். எந்த ஒயர் எங்கே போகும், எந்த ரிக்கார்ட் முள்ளை மாற்ற வேண்டும், எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்பிளிஃபயர் என்பதையெல்லாம் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலாளியின் பெயர் ஜாபர். எல்லோருக்கும் ஜாபர் பாய். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைலி, குரலை உயர்த்தாத மனிதர். ஸ்பீக்கரைக் கேட்கும்போது அதைப் பார்க்க மாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் ஒரு பெட்டியைத் தொடுவார். புதுச் சாமானில் கீறல் விழுந்தால் அதை விற்கக் கூடாது என்பது அவர் கட்சி.

விற்பனைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அதை யாரும் மீறக் கூடாது.

வந்தவர்கள் முதலில் உட்கார வேண்டும். அவர்கள் உட்காரும்வரை எந்தப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. பிறகு கேள்விகள். எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள், அதன் கூரை ஓடா தளமா? யார் யார் கேட்பார்கள், அவர்கள் எங்கே உட்காருவார்கள்? பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே சுவரா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் பட்ஜெட் பேச்சு. அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. டிவி வந்த பிறகு, ஸ்டெபிலைசருக்கும் ஆண்டெனாவுக்கும் ஆகும் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். மிச்சத்துக்குள்தான் பெட்டி. "பெட்டிய வாங்கிட்டு ஆண்டெனாவுக்குக் கடன் கேட்டு நிக்கக் கூடாது. முதல் நாளே வீட்டுல சண்டை வரும்" என்பார்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடையின் பின்னறையில் ஒரு கறுப்புத் திரை தொங்கும். அதன் பின்னால் மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் இருக்கும். விலை எது, கம்பெனி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. முதலில் நடுத்தர விலையுள்ளதைப் போட வேண்டும். எதைப் போட்டாலும் முதலில் பேச்சு, பிறகு பாட்டு. பாட்டில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும், மனிதக் குரலில்தான் பெட்டியின் யோக்கியதை தெரியும் என்பது பாயின் எண்ணம். அதற்காக என்னையே ஒரு காசெட்டில் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். காய்கறிப் பெயர், தெருப் பெயர், வீட்டில் பேசுகிற சாதாரண வாக்கியங்கள். "சக்கரை தீந்து போச்சு", "சாவிய எங்க வச்சீங்க", இப்படி. பல வருடங்கள் என் குரலையே நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன்.

பாய்க்கு அடுத்தபடி கடையில் முக்கியமானவர் மெக்கானிக் லூயி அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். அப்படிப்பட்ட சிப்பாய்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லாதவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் பின்னறையில் சால்டரிங் புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு பெட்டியை வேகமாக இறக்கினால் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். கடையில் எங்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

ஒரு தடவை, கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர், இருப்பதிலேயே பெரிய ஸ்டீரியோவைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாளே ஆள் அனுப்பினார், பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று. பாய் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். உயரமான கூரை, வழுவழுவென்ற தரை, கூடத்தில் இரண்டு நாற்காலியைத் தவிர ஒன்றுமில்லை. பாய் நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டல் கூரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. "முசே, உங்க வீடே பெரிய ஸ்பீக்கரா இருக்கு. இதுக்குச் சின்னப் பெட்டி போதும், கீழ ஒரு ஜமுக்காளம் விரிங்க" என்றார். பெரியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு சிறியதைக் கொடுத்தார். அன்றிலிருந்து, பெரிய பெட்டி கேட்கிறவர்களின் வீட்டைப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்பதும் விதியாயிற்று. நானும் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

எண்பதுகளில் காற்று மாறியது. டிவி வந்தது. சென்னை நிலையத்தைப் பிடிக்க மாடியில் மூங்கில் கட்டி ஆண்டெனாவை உயர்த்தினார்கள். பின்னாலேயே வீடியோ காசெட் போட்டுப் படம் பார்க்கிற டெக் வந்தது. வாடகைக்கு டெக் எடுத்து வந்து ஒரே நாளில் மூன்று படம் பார்க்கிற வழக்கம் தெருவுக்குத் தெரு பரவியது. அதுவரை பாட்டுக் கேட்க வந்தவர்கள் இப்போது, "சினிமாக் கொட்டாயில கேக்கற மாதிரி வீட்டுல கேக்கணும்" என்று வர ஆரம்பித்தார்கள். ஹோம் தியேட்டர் என்ற பெயர் அன்றைக்குக் கிடையாது. ஆசை அதேதான்.

அந்த ஆசையோடுதான் தனபாலும் அவர் மனைவி சரோஜாவும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். முதலியார்பேட்டைக்காரர்கள். அவர் மில்லில் தறி ஓட்டியவர், அப்போதுதான் கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஆள். எங்கள் கடை வாசலில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் அழகுக்கு நிற்கும். நேராக அவற்றைக் காட்டினார்.

"இது ரெண்டும், ஒரு கறுப்பு வெள்ளை டிவியும். டெக் வாடகைக்கு எடுத்துக்குவேன். போட்டுக் காட்டு தங்கச்சி."

பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நான் அவர்களை உட்கார வைத்துக் கேள்விகளைக் கேட்டேன். தனபால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலையெல்லாம் சரோஜாதான் சொன்னார். திரைக்குப் பின்னால் நடுத்தரப் பெட்டியைப் போட்டு என் காசெட்டை ஓடவிட்டேன்.

"சத்தம் வை" என்றார்.

வைத்தேன்.

"இன்னும் வை."

அலமாரிக் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. சரோஜா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். காசெட்டில் என் குரல், சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கடை முழுக்கக் கத்தியது. தனபால் ஸ்பீக்கர் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். நான் காசெட்டில் சொல்வதையெல்லாம் சரோஜா சத்தமில்லாமல் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேச்சு எதுக்கு? பாட்டுப் போடு" என்றார் தனபால். ஒரு பழைய பாட்டைப் போட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொடையில் தாளம் போட்டார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

என் அப்பாவும் தறிக்காரர். வீட்டில் நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், அப்படியும் அவர் வேறெதையோ கேட்டதாக நினைத்துப் பதில் சொல்வார். பாட்டு மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும். மனப்பாடமான பாட்டைக் காது கேட்பதில்லை, மனசு பாடிக்கொள்கிறது என்று பிற்பாடு லூயி அண்ணன் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. தறிக் கொட்டகையின் சத்தம் பல வருடம் காதில் விழுந்தால் முதலில் போவது மெல்லிய ஓசைகள்தான். சகரம், தகரம், ககரம் எல்லாம் கரைந்து போய், பேச்சு வெறும் முனகலாக வந்து சேரும். அதைப் பெரிதாக்கினால் பெரிய முனகல்தான் கிடைக்கும்.

"இதையே கட்டிக் குடுத்துடு" என்றார் தனபால், வாசலில் நின்ற உயரப் பெட்டிகளைக் காட்டி. கையில் பணமும் இருந்தது.

"வீட்டைப் பாக்காம பெரிய பெட்டி குடுக்கறதில்லண்ணே. பாய் உத்தரவு. நாளைக்குக் காலையில மெக்கானிக்கோட வரேன்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விலாசம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் லூயி அண்ணனும் நானும் போனோம். வரிசை வீடு. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். கோரைப்பாய் விரித்தால் நாலு பேர் படுக்கலாம், அவ்வளவு கூடம். கைதட்டினேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுதது. தனபால் எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்குப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நீ பாத்துட்ட, எனக்குத் தெரியும். அவரண்ட சொல்லிடாதம்மா. காது கேக்கலன்னு யாரும் சொல்லக் கூடாது அவருக்கு. டாக்டரண்ட வான்னு கூப்ட்டதுக்கு ரெண்டு நாள் சோறு துன்னல."

"இல்லக்கா, சொல்லல."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து வாரா வாரம் கொட்டாய்க்குப் போவோம். அப்புறம் அவருக்குப் பேச்சு புரியாமப் போச்சு. நான் காதுல சொல்லிக்கினே இருப்பேன். அவன் இன்னா சொன்னான், இவ இன்னா சொன்னான்னு. ஒரு நாள் பின்னால இருந்தவன், 'யோவ், உன் பொண்டாட்டிய வெளிய போயி கத சொல்லச் சொல்லுய்யா'ன்னுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எழுந்து வந்தவருதான். அதுக்கப்புறம் போறதில்ல."

லூயி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"வீட்டுல இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு எனக்காக வாங்கறாரு. அந்தப் பெட்டிய வச்சாலும் நான்தான் சொல்லிக்கினு இருக்கணும், அது அவருக்குத் தெரியல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "ஒரே ஒரு படமாவது வாயத் தொறக்காம பாக்கணும்னு எனக்கு ஆசம்மா."

வெளியே கலர் பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டது. பேச்சு நின்றது.

கடைக்கு வந்து பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். "உயரப் பெட்டி வேணாம்" என்றார். "வேற இன்னா பண்ணலாம் லூயி?"

லூயி அண்ணன் தயாராக வைத்திருந்தார். காதில் மாட்டுகிற ஹெட்போன். டிவியின் ஒலியைத் தனியாக இழுத்து, கனத்த ஓசையைக் குறைத்து, மெல்லிய ஓசையைத் தூக்கி, ஹெட்போனுக்குக் கொண்டுவரலாம். அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ். டிவியின் சொந்த ஸ்பீக்கர் எப்போதும் போல மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும், அது சரோஜாவுக்கு.

"பின்பக்கத்தத் தொறக்கணுமா?" என்று கேட்டார் பாய்.

"தொறக்கணும்."

அதில் இரண்டு சிக்கல். புது டிவியின் பின்பக்கத்தைத் திறந்தால் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம் போய்விடும். அதைவிடப் பெரியது இன்னொன்று. அந்தக் காலத்து டிவிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் தகடே மின்சாரத்தோடு நேராகத் தொடர்பில் இருக்கும். அதிலிருந்து ஒயர் எடுத்து ஒருவர் காதில் மாட்டுவதென்றால், ஏதாவது ஒரு நாள் ஏதாவது தவறினால் உயிர் போய்விடும்.

"மனுஷன் காதுல கரண்ட்டை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார் பாய். நான் பார்த்தவரை லூயி அண்ணனிடம் அவர் அவ்வளவு கடுமையாகப் பேசியது அன்றுதான்.

லூயி அண்ணன் கோபப்படவில்லை. "நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டா ரெண்டும் தனித்தனி. இந்தப் பக்கத்துக் கரண்டு அந்தப் பக்கம் வராது. நல்லதா பாத்துப் போடறேன், நீங்களே சோதிங்க" என்றார். பழைய வால்வு ரேடியோ ஒன்றிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, ஈரம் போகக் காயவைத்து, கம்பிச் சுற்றுகளைச் சோதித்து, ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தினார். மூன்று நாள் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் பாய் செய்ததை இப்போதும் என்னால் கண்முன் பார்க்க முடிகிறது. செருப்பைக் கழற்றினார். கால் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் காலோடு வெறும் சிமெண்டுத் தரையில் நின்றார். லூயி அண்ணனும் நானும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, "போடு" என்றார். நான் ஸ்விட்சைப் போடவில்லை. லூயி அண்ணன்தான் வந்து போட்டார். பாய் தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். பிறகு கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "உத்தரவாதம் நம்ம கடை குடுக்கும். கம்பெனிக்காரன் கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார்.

இனி தனபாலிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சாக்காகச் சொல்லிவிடலாம் என்று பாய் யோசனை சொன்னார். குழந்தை தூங்குவதற்காக ஹெட்போன் என்றால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. நானும் அதையே சொல்வதாகத்தான் இருந்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தனபால் ஹெட்போனைப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு? செவிடனுங்க போடறதா?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் பயம் இருந்தது. என் அப்பாவின் கண்ணில் அதைப் பார்த்திருக்கிறேன். என்னால் குழந்தைக் கதையைச் சொல்ல முடியவில்லை.

"அண்ணே, எங்கப்பாவும் தறியிலதான் இருந்தாரு. அந்தச் சத்தத்துல நின்னவங்க யாருக்கும் பேச்சு சரியா காதுல விழாதுண்ணே. அது வேலை குடுத்த காயம். கையில விரல் போனா மறைப்பமா? உங்களுக்குச் சத்தம் பத்தாமப் போகல. பேச்சு தெளிவா வரல. இதுல தெளிவா வரும்."

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்தது என்று தெரிந்தது. எழுந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னியா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார். சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

பாய் வந்து என் எதிரே உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நானா இருந்தா கொழந்தயத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். "ஆனா அவரு அதப் போட்டுக்கிற ஒவ்வொரு தடவையும் அது பொய்யின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நீ சொன்னதே இருக்கட்டும். அந்தப் பெட்டிய விக்காத. வச்சிரு."

இரண்டு வாரம் போல ஆயிற்று. ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், தனபால் தனியாக வந்தார். வாசலில் நின்ற உயரப் பெட்டிகளைப் பார்க்காமல் நேராகப் பின்னறைக்கு வந்தார்.

"அந்த இத எடு" என்றார்.

லூயி அண்ணன் ஹெட்போனை மாட்டிவிட்டார். குமிழை மெல்லத் திருப்பினார். டேப் ரிக்கார்டரை மரப்பெட்டியோடு இணைத்து நான் என் காசெட்டைப் போட்டேன். தனபாலின் புருவம் மேலேறியது. கொஞ்ச நேரத்தில் அவர் வாய் அசைந்தது.

"சக்கர... தீந்து போச்சு." என்னைப் பார்த்தார். "சாவிய எங்க வச்சீங்க." மறுபடியும் என்னைப் பார்த்தார். "இது உன் கொரலா தங்கச்சி?"

ஆமாம் என்று தலையாட்டினேன். காசெட் முடியும்வரை கேட்டார். தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு பெயர்கூடத் தவறவில்லை. டிவியைப் பற்றியோ படத்தைப் பற்றியோ கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இதுல சரோஜா பேசினா கேக்குமா?" என்றார்.

லூயி அண்ணன் என்னைப் பார்த்தார். டேப் ரிக்கார்டரில் மைக் செருக இடம் உண்டு. "கேக்கும். கூட்டிக்கினு வா" என்றார்.

சாயங்காலமே இருவரும் வந்தார்கள். சரோஜா பயந்துபோய் வாசலிலேயே நின்றார். உள்ளே அழைத்து உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுத்தேன். தனபால் அறையின் இன்னொரு கோடியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று சரோஜாவுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் ஊருக்கே கேட்கும்படி, "இன்னாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். தனபால் திடுக்கிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார்.

"தூஸ்மான் மதாம்" என்றார் லூயி அண்ணன். "மெதுவா."

சரோஜா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இந்தத் தடவை, அறையில் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் சோறு வடித்துவிட்டு வந்ததைப் பற்றி ஏதோ சொன்னார். குழம்பு பற்றி ஏதோ கேட்டார்.

தனபால் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நீ இவ்ளோ மெதுவா பேசுவியா?"

சரோஜா மைக்கைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாய் தன் மேஜையிலிருந்து எழுந்து வாசல் பக்கம் போய், வராத ஒரு வாடிக்கையாளரை எதிர்பார்ப்பது போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் எடுத்துப் போனது ஒரு கறுப்பு வெள்ளை டிவி, ஸ்டெபிலைசர், ஆண்டெனா, லூயி அண்ணனின் மரப்பெட்டி, ஹெட்போன். உயரப் பெட்டிகளுக்கென்று வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. டெக் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். லூயி அண்ணன் போய் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். மாதம் ஒரு முறை மீட்டரோடு போய்ச் சோதித்துவிட்டு வருவதை, அவரால் படியேற முடிந்தவரை விடவில்லை.

பிறகு வந்த வருடங்களில் மில்லிலிருந்து இன்னும் பலர் அதைக் கேட்டு வந்தார்கள். சிலர் வாய்விட்டுக் கேட்டார்கள். சிலர், "தனபாலுக்குக் குடுத்தீங்களே, அது" என்று மட்டும் சொல்வார்கள். நாங்களும் அதற்குமேல் கேட்க மாட்டோம்.

வாங்கிப் போன அடுத்த வாரம் சரோஜா எங்கள் தெருப்பக்கம் ஏதோ வேலையாக வந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். நான் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"படம் பாத்தீங்களாக்கா?"

"பாத்தோம்."

"வாயத் தொறக்காம பாத்தீங்களா?"

அவர் வெட்கப்பட்டார். "எங்க பாத்தேன்மா. கத சொல்ற வேலையில்லயா, சும்மா செவுத்துல சாஞ்சிருந்தேன். பாதியிலயே தூங்கிட்டேன்" என்றார். "காலையில காப்பி குடிக்கிறப்போ மீதிக் கதய அவரு சொன்னாரு."